செண்டுமல்லி பூக்கவில்லையா, வாடுகிறதா? சிங்கப்பூர்க் காரிடார் தொட்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் ஒரே பேச்சுதான்: "செண்டுமல்லி ஏன் இப்படி ஆயிடுச்சு?" கைப்பேசியில் காட்டும் படம் ஆளுக்கு ஆள் மாறும். கோளாறு என்னவோ திரும்பத் திரும்ப அதே சிலதான். அவற்றை அறிகுறிப்படி பிரித்து இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது பின்னால் வரும்.

நான் சொல்வது மாலைக்குக் கட்டும் ஆரஞ்சு, மஞ்சள் உருண்டைப் பூச்செடியை. இலையைக் கசக்கினாலே வாசம் கையில் ஒட்டிக்கொள்ளுமே, அது. இதில் உயர ரகம் இடுப்பளவு வரும், பூ பெரிது. குட்டை ரகம் ஒரு சாண், ஒன்றரைச் சாணோடு நின்றுவிடும், பூ சிறிது, பல ரகங்களில் சிவப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். சில கோளாறுகள் உயர ரகத்துக்கு மட்டுமே வரும். அங்கங்கே சொல்கிறேன்.

இந்த ஊரில் செண்டுமல்லி கெடுவது பெரும்பாலும் வெயிலாலும் தண்ணீராலும்தான். நோய், பூச்சி எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே மருந்துப் புட்டி வாங்கக் கிளம்புவதற்கு முன் கீழே உள்ள மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை

வெயில்: செடியின் மேல் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒருநாள் வீட்டிலிருந்து கவனியுங்கள். வெளிச்சமாக இருக்கிறது என்பது கணக்கில் வராது. இலையின் நிழல் தரையில் ஓரம் தெளிவாக விழ வேண்டும். ஆறு மணி நேரம் இருந்தால் நல்லது. நான்குக்குக் கீழே போனால் உயர ரகத்தை மறந்துவிடலாம்.

வடிகால்: தொட்டியின் மேல் நிதானமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடித்துளையில் சொட்ட வேண்டும். மேலே குளம்போல் நின்றாலோ, கீழே ஒன்றும் வராவிட்டாலோ, துளை அடைத்திருக்கிறது அல்லது மண் இறுகிவிட்டது.

ஈரம்: விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து, உள்ளே சொதசொதவென்று இருப்பது இங்கே சர்வசாதாரணம். மேலே மட்டும் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் செடிதான் அதிகம் சாகிறது.

அறிகுறி: முளைத்த நாற்று அடியில் கறுத்துச் சாய்கிறது

விதை போட்ட நான்கிலிருந்து ஏழு நாளில் முளைத்துவிடும். இரண்டு இலை விட்டதும் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாக மெலிந்து, கறுத்து, ஒரே இரவில் படுத்துவிட்டால் அது நாற்றழுகல். சாய்ந்தது பிழைக்காது. மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை.

மண் எப்போதும் ஈரமா? தண்ணீரை விடியற்காலைக்கு மாற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கும்.

நாற்றுகள் நெருக்கமா? விரல்கடை இடைவெளிக்கு ஒன்று விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

பழைய தொட்டி மண்ணில் விதைத்தீர்களா? அதுதான் காரணமாக இருக்கும். அடுத்த முறை விதைக்குப் புதிய கலவை எடுங்கள். தென்னை நார்த்தூளும் பெர்லைட்டும் (மண்ணில் காற்றோட்டத்துக்குக் கலக்கும் லேசான வெள்ளைத் துகள்) கலந்தது போதும், உரம் வேண்டாம். விதைத்த தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள்.

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. திரும்ப விதைப்பதுதான் மலிவு.

அறிகுறி: நெடுநெடுவென்று வளர்ந்து, தண்டு மெலிந்து சாய்கிறது

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, செடி ஒரு பக்கமாக வெளியே எட்டிப் பார்த்தால் வெயில் போதவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் சூரியன் ஆண்டில் பாதி வடக்கே சாய்ந்தும் பாதி தெற்கே சாய்ந்தும் போகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை வடக்கு பார்த்த காரிடாருக்கு வெயில் கிடைக்கும். அக்டோபர் பிறந்ததும் அந்த வெயில் தெற்குப் பக்கம் போய்விடும். ஜூனில் உங்கள் வடக்குக் காரிடாரில் செண்டுமல்லி கொழித்திருக்கலாம். அதே இடத்தில் தீபாவளிக்கென்று ஆகஸ்டில் விதைத்தால், மொட்டு வைக்க வேண்டிய நேரத்தில் செடி நிழலில் நிற்கும். விதையையும் உரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை. கிழக்கு, மேற்கு பார்த்த காரிடார்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே ஆண்டு முழுக்க அரை நாள் வெயில் வரும்.

செய்ய வேண்டியவை, எளிதிலிருந்து:

தொட்டியை வெயில் படும் பக்கம் நகர்த்துங்கள். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. சக்கர நாற்காலியில் போகும் பக்கத்து வீட்டுப் பாட்டியை நினைத்தால் விதி இல்லாமலே விடுவோம். வெயிலுக்காகக் கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டியை ஏற்றவே ஏற்றாதீர்கள். கீழே போகிறவர் தலையில் விழுந்தால் உயிர் போகும்.

நுனி கிள்ளுங்கள். ஐந்தாறு ஜோடி இலை வந்ததும் உச்சிக் கொழுந்தை நகத்தால் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். பூ ஓரிரு வாரம் தள்ளிப்போகும், ஆனால் எண்ணிக்கை கூடும். பண்டிகைக்கு நாள் நெருங்கிவிட்டால் கிள்ள வேண்டாம்.

நாற்றை மாற்றி நடும்போது முதல் இலை வரை தண்டைப் புதையுங்கள். செண்டுமல்லித் தண்டிலும் வேர் விடும், செடி ஊன்றி நிற்கும். உயர ரகத்துக்கு இதோடு ஒரு குச்சியும் நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். விடியற்காலையில் சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து வரும் புயல்காற்று அடித்தால், மழைநீர் ஏறிய பூவின் கனத்திலேயே தண்டு ஒடியும்.

எல்லாம் செய்தும் வெயில் போதாவிட்டால் எல்இடி வளர்ப்பு விளக்கு. அதை ஒருநாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள், காரணம் அடுத்த தலைப்பில் இருக்கிறது. அதற்கும் மேலே என்றால் சமூகத் தோட்டத்தில் சேரலாம். அல்லது தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்டப் பாத்திக்கு விண்ணப்பம் திறக்கும்போது போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு மேட்டுப் பாத்தி, மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும்.

அறிகுறி: இலை செழிக்கிறது, பூ மட்டும் இல்லை

"தம்பி, இலை கொத்துக் கொத்தா வருது, பூவைத்தான் காணோம்." தோட்டத்தில் அக்காமார் அதிகம் கொண்டுவரும் புகார் இது. இதை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

*மொட்டே வைக்கவில்லை*

வயது என்ன? குட்டை ரகம் விதைத்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூக்கும். உயர ரகத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஐம்பதாம் நாளில் உயர ரகத்தைப் பார்த்து வருந்த வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு விதை மண்ணில் இருக்க வேண்டும்.

உரம் என்ன போட்டீர்கள்? கீரைக்குப் போடும் தழைச்சத்து உரத்தையோ கோழி எருவையோ செண்டுமல்லிக்கும் போட்டால் இலைதான் வரும். கரும்பச்சையாக, கசக்கினால் நீர் விடும் பெரிய இலை இதற்கு அடையாளம். உரத்தை நிறுத்துங்கள். மூன்று வாரம் வெறும் தண்ணீர். அப்புறம் தேவைப்பட்டால் பூச்செடிக்கென்று விற்கும் உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி கொடுங்கள்.

இரவில் விளக்கு விழுகிறதா? இதை யாரும் சந்தேகிப்பதில்லை. உயர ரகச் செண்டுமல்லி இரவு நீளமாக இருந்தால்தான் சீக்கிரம் மொட்டு வைக்கும். நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறத்தாழ சரிபாதி, அது அதற்குப் போதும். ஆனால் காரிடார் விளக்கு மாலை ஏழுக்கு ஏறிக் காலை ஏழுக்குத்தான் அணைகிறது. விளக்குக்கு நேர் கீழே நிற்கும் செடிக்கு இரவே வருவதில்லை. இலை மேல் இலையாகப் போட்டுக்கொண்டே போகும்.

சோதனை எளிது. இரண்டு தொட்டி இருந்தால் ஒன்றை விளக்கு படாத மூலைக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் இருட்டத் தொடங்கியதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலையில் சூரியன் ஏறியதும் எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பெட்டியின் அடியில் காற்றுக்கு இடைவெளி விடுங்கள், புழுக்கத்தில் இலை வெந்துவிடும். இளஞ்செடிக்கு இது நன்றாகப் பலிக்கும். விளக்கடியில்தான் தொட்டி நின்றாக வேண்டும் என்றால் குட்டை ரகத்துக்கு மாறுங்கள். அது இரவின் நீளத்தை அவ்வளவு பொருட்படுத்தாது.

இதற்காக நகர மன்றத்தை அழைத்து விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். இரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டும்.

*மொட்டு வைக்கிறது, விரியாமல் பழுத்து உதிர்கிறது*

மொட்டு வைத்த பிறகு மண் ஒரு தடவை நன்றாகக் காய்ந்திருந்தால் மொட்டு உதிரும். வார இறுதியில் ஜொகூருக்குப் போய்த் திங்களன்று திரும்புகிறவர்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். சிறிய தொட்டி மதிய வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். உயர ரகத்துக்கு 25 முதல் 30 செ.மீ. அகலத் தொட்டி வையுங்கள்.

மொட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இதழ் பழுப்பாகி, கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் மெல்லிய பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். மிச்சத்துக்கு மாலையில் வேப்பெண்ணெய் தெளிப்பு. அளவு கீழே "இலை வெளிறி" என்று தொடங்கும் தலைப்பில் இருக்கிறது.

மழை நாளில் மொட்டு கறுத்தால் "பூவும் மொட்டும் அழுகுகிறது" என்ற தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

வாடினதும் கை குவளைக்குப் போவது இயல்பு. அந்தக் கையை நிறுத்தி முதலில் விரலை மண்ணுக்குள் விடுங்கள்.

*மண் காய்ந்திருக்கிறது*

தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு மணி நேரத்தில் நிமிரும். ஊற்றிய தண்ணீர் ஓரமாக ஓடி உடனே கீழே கொட்டினால், நார்த்தூள் அதிகமுள்ள கலவை முழுக்கக் காய்ந்து தண்ணீரை ஏற்க மறுக்கிறது என்று பொருள். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு வாடி, ஆறு மணிக்குத் தானாக நிமிர்கிறதா? வேர் நலமாக இருக்கிறது, தொட்டி சிறிது. அவ்வளவுதான்.

*மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது*

இதுதான் ஆபத்து. தண்ணீரை உடனே நிறுத்துங்கள். செடியை மண் கட்டியோடு தொட்டியிலிருந்து உருவி, வேரைப் பாருங்கள்.

வேர் வெள்ளையாக, முறுக்காக இருந்தால் வேரில் கோளாறில்லை. அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். தட்டை எடுத்துவிட்டு இரண்டு நாள் நிழலில் வையுங்கள். தட்டு வேண்டும் என்கிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிக் கவிழ்க்க வேண்டும், மேல்மண் இறுகியிருந்தால் கிளறிவிட வேண்டும். தட்டிலும் இறுகிய மண்ணில் நிற்கும் தண்ணீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி புழுவைக் கண்டால் 200 வெள்ளியிலிருந்து அபராதம். டெங்கி வந்தால் அதைவிடப் பெரிய துன்பம்.

வேர் பழுப்பாகி, நாற்றம் அடித்து, இரண்டு விரலால் இழுத்ததும் சட்டைக்கை கழல்வதுபோல் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் நின்றால் வேரழுகல். பாதி வேராவது வெள்ளையாக இருந்தால், அழுகியதை வெட்டி, புதிய வடிகால் கலவையில் நட்டு, இலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து நிழலில் வைத்துப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி அடைமழையில் இதில் நம்பிக்கை வைக்காதீர்கள். நல்ல கிளை ஒன்றை ஒரு சாண் நீளம் வெட்டி ஈர நார்த்தூளில் ஊன்றிவிடுவது நிச்சயமான வழி. இரண்டு வாரத்துக்குள் வேர் பிடிக்கும்.

வேர் பார்க்கச் சுமாராக இருக்கிறது, ஆனால் செடி பச்சையாகவே ஓரிரு நாளில் சாய்ந்துவிட்டதா? பாக்டீரியா வாடலாக இருக்கலாம். தக்காளியும் கத்தரியும் வாடிச் செத்த சமூகத் தோட்டப் பாத்திகளில் இதைச் சந்தேகிக்க வேண்டும். தண்டின் அடியில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தம்ளரை அசைக்காதீர்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை இறங்கினால் அதுதான். ஒன்றும் இறங்காவிட்டால் வேர்ப்பூஞ்சணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உயர ரகத்துக்குத்தான் அது கூடுதலாக வரும்.

இரண்டுக்கும் வீட்டு மருந்து கிடையாது, கடை மருந்துக்கும் காசு கொடுக்காதீர்கள். செடியை மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கம்போஸ்ட் தொட்டிக்குள் போடவே கூடாது. கத்தரியையும் தொட்டியையும் பிளீச் கலந்த தண்ணீரில் கழுவுங்கள். வீட்டுத் தொட்டி என்றால் விஷயம் இத்தோடு முடிந்தது. சமூகத் தோட்டத்தில் ஒரே பாத்தியில் அடுத்தடுத்துச் செடிகள் இப்படிச் செத்தால் நிபுணரை அழைக்கும் கட்டம் வந்துவிட்டது. எப்படி அழைப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: இலை வெளிறி, ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கிறது

காரிடார் செண்டுமல்லியின் பெரிய எதிரி சிவப்புச் சிலந்திப்பேன். மழை படாத, வெயிலும் காற்றும் காயவைக்கும் இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் கீழே தோட்டத்தில் நன்றாக இருக்கும் அதே செடி பத்தாம் மாடியில் வெளுத்துப்போகிறது.

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையை நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசு அரை நிமிடத்தில் நடக்கத் தொடங்கினால் பேன். உள்ளங்கையால் தாளைத் துடைத்தால் செம்பழுப்புக் கோடு விழும். முற்றிய நிலையில் நுனிக் கொழுந்துக்கும் மொட்டுக்கும் இடையே மெல்லிய வலை பின்னியிருக்கும்.

முதலில் தண்ணீர். காலையில் செடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், இலையின் அடிப்பக்கத்தில் நன்றாகப் படும்படி பீய்ச்சி அடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். நம் வெப்பத்தில் முட்டை ஒரு வாரத்துக்குள் பெரிய பேனாகிவிடும். ஒருமுறை கழுவி நிறுத்தினால் திரும்ப வரும்.

போதவில்லையென்றால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், இரண்டும் கலப்பதற்குச் சில சொட்டுத் திரவச் சோப்பு. முதலில் ஓர் இலையில் தெளித்து ஒருநாள் பாருங்கள். கருகாவிட்டால் முழுச் செடிக்கும், வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடியில். பக்கத்து வீட்டு வாசல் காற்று வாக்கில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணி காயப்போட்டிருப்பார்கள். சாமிக்குப் பறிக்கும் பூவில் எண்ணெய் படாமல், தெளிப்பதற்கு முன்பே பறித்துவிடுங்கள்.

கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். இலை கருகும், பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சாகும்.

வலை செடி முழுக்க மூடிவிட்டால் போராட வேண்டாம். பையை மேலிருந்து மாட்டி, அடியில் வெட்டி, கட்டி எறியுங்கள். பக்கத்தில் இருக்கும் ரோஜாவையும் கத்தரியையும் அன்றே கழுவுங்கள்.

அறிகுறி: பூவும் மொட்டும் அழுகுகிறது, இலையில் கரும்பழுப்புப் புள்ளி

நவம்பர் முதல் ஜனவரி வரை இதற்குக் காலம். அடுக்கு அதிகமான பெரிய பூ மழைநீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உள்ளிதழ் முதலில் பழுப்பாகும், பிறகு காம்பு கறுக்கும். இலையில் சிறிய, ஊதா கலந்த பழுப்புப் புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தால் கருகல் நோய்.

பழுத்த பூ, புள்ளி விழுந்த இலை எல்லாவற்றையும் கிள்ளி எடுங்கள், தொட்டி மண்ணில் உதிர்ந்து கிடப்பதையும் சேர்த்து. ஈரமாக இருக்கும்போது கை வைக்காதீர்கள், கையோடு பரவும். தண்ணீரைச் செடியின் தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். தொட்டிகளுக்கு இடையே ஒரு முழம் இடைவெளி விடுங்கள், அடி இலைகளைக் கழித்துக் காற்று போக வழி செய்யுங்கள். மழை வலுக்கும் வாரங்களில் கூரைக்கு அடியில் நகர்த்தினாலே பாதி அடங்கும்.

அதன் பிறகும் பரவினால் செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லியை லேபிள் அளவில் தெளிக்கலாம். என்னைக் கேட்டால், பொங்கலுக்குப் பூ வேண்டும் என்கிறவர்கள் அந்தப் பருவத்துக்குக் குட்டை ரகத்தைத் தேர்வு செய்யலாம். அதன் சிறிய பூ சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, கோலத்தின் நடுவே வைக்கவும் அழகாக இருக்கிறது.

அறிகுறி: அடி இலைகளில் செம்பு நிறம், ஓரம் கருகல்

புள்ளி மேலிலையில் இல்லாமல் அடியிலும் நடுவிலும் மட்டும் இருக்கிறது, தாள் சோதனையில் பேன் விழவில்லை என்றால் இந்தத் தலைப்புக்கு வாருங்கள்.

தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் படிவம் தெரிந்தால் உர உப்புச் சேர்ந்துவிட்டது. தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

படிவம் இல்லையென்றால் மண்ணின் புளிப்பைச் சோதியுங்கள். நர்சரிகளில் மலிவான சோதனைப் பொட்டலம் கிடைக்கும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6க்குக் கீழே இறங்கினால் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறி ஏறி, செண்டுமல்லி இலையில் இந்தச் செம்புப் புள்ளி விழும். சத்துக் குறைவென்று நினைத்து நுண்ணூட்ட உரத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பைக் கிளறிவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். பழைய இலை திருந்தாது, புது இலை சுத்தமாக வந்தால் சரி.

சில்லறை அறிகுறிகள்

இலையில் வெள்ளையாக வளைந்து வளைந்து போகும் கோடு: இலைக்குள் சுரங்கம் போடும் புழு. அந்த இலையைக் கிள்ளுங்கள். செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை.

கணுவில் வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு: மாவுப்பூச்சி. பஞ்சுக்குச்சியை மருத்துவ ஆல்கஹாலில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். எறும்பு ஏறும் வழியையும் மறியுங்கள், அவைதான் பூச்சியைப் புது இடத்துக்குத் தூக்கிப்போகின்றன.

தரைத் தோட்டத்தில் நாற்று காலையில் மொட்டையாக நிற்கிறது: நத்தை. மழை விட்ட இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது. மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கக்கூடும். கையுறையோ இடுக்கியோ வேண்டும், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பூ சிறுத்து ஒற்றை அடுக்காக வருகிறது: கலப்பின ரகத்துப் பூவிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. கட்டிய பூமாலையிலுள்ள பூவை உதிர்த்து விதைக்கிறவர்களுக்கும் இதே கதைதான், முளைக்காமலும் போகும். மாலைக்குப் பறிக்கும்போது பூவில் விதை முற்றியிருக்காது. இந்த ஊர் நர்சரியில் விதைப் பொட்டலம் வாங்குங்கள். வெளிநாட்டு விதை என்றால் இறக்குமதி விதியைப் பார்த்த பிறகு.

இதழ் பச்சையாகி, பூவுக்குள்ளேயே இலை முளைக்கிறது: பூச்சி மூலம் பரவும் நோய். மருந்தில்லை, அன்றே பிடுங்குங்கள்.

அறிகுறி: நன்றாகப் பூத்தது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கிறது

விதைத்து நான்கைந்து மாதம் ஆகிவிட்டதா? அடித்தண்டு மரமாகி, பூ சிறுத்து, கீழிருந்து மேலாக இலை காய்ந்தால் செடியின் ஆயுள் முடிகிறது. இது ஒரே பருவச் செடி. உரம், மருந்து, புதுத் தொட்டி எதுவும் அதைத் திருப்பாது. வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளி வந்தால் சில வாரம் கூடுதலாகப் பூக்கும், அதற்கு மேல் கேட்கக்கூடாது.

நல்ல நிறத்தில் இருக்கும் இரண்டு மூன்று பூவைச் செடியிலேயே காயவிடுங்கள். கலப்பினம் இல்லாத ரகமென்றால் தாயின் குணத்தோடு வரும். பூத்தலை பழுப்பாகி, இழுத்தால் கருப்பு ஊசி போன்ற விதை உருவிக்கொண்டு வரும் பதத்தில் எடுத்து, காகித உறையில் போட்டுத் தேதி எழுதிவையுங்கள். நம் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சில விதை ஊன்றுகிறவர் வீட்டில் பூ அறுவதில்லை.

எப்போது, யாரை அழைப்பது

ஒரு தொட்டிச் செண்டுமல்லிக்காகத் தோட்டக்காரருக்குக் காசு கொடுப்பது வீண். புது விதை அதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. கீழ்க்கண்டவை மட்டும் வேறு.

ஒரே பாத்தியில் பல செடிகள் அடுத்தடுத்து வாடிச் சாகின்றன, தம்ளர் சோதனையில் பால் இழை இறங்குகிறது. தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். 2005ல் தொடங்கிய கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தில் உள்ள தோட்டமென்றால் அவர் மூலம் தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்கலாம். ஆலோசனை வரும்வரை அந்தப் பாத்தியின் மண்ணையும் கருவிகளையும் வேறு பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கட்டித்தந்த பூத்தொட்டி அல்லது பால்கனிப் பாத்தியில் தண்ணீர் வடியவே மாட்டேன் என்கிறது, அல்லது கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறது. குழாயும் நீர்த்தடுப்புப் பூச்சும் தெரிந்த ஒப்பந்தக்காரர் பார்க்க வேண்டிய வேலை அது. நீங்களாகத் துளை போடாதீர்கள்.

கொசுப்புழு திரும்பத் திரும்ப வருகிறது, எங்கிருந்து என்று பிடிபடவில்லை. பொது இடத்து வடிகாலாக இருக்கலாம். நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

யாரிடம் காட்டினாலும் மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்: முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், தொட்டியிலிருந்து உருவிய வேர். கடைசியாக என்ன உரம், எப்போது போட்டீர்கள் என்பதையும், எத்தனை மணி நேரம் வெயில் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். செடியைக் கொண்டுவரச் சொன்னால் ஒரு முழுச் செடியை வேரோடு பையில் இறுக்கிக் கட்டி, வாடத் தொடங்கிய அன்றே கொடுங்கள். முழுக்கக் காய்ந்த செடியில் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.